வளைவை விட்டு நகராத காட்டுமாடு

மணிமுத்தாறு அணையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறிப்போகும் மலைச்சாலையில் சில வருடங்கள் வாரம் தவறாமல் போய் வந்திருக்கிறேன். மேலே தேயிலைத் தோட்டத்து ஊர் ஒன்றில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை. வீடு பாளையங்கோட்டையில். திங்கட்கிழமை விடியலில் கிளம்பி அம்பாசமுத்திரம் வந்து மலை பஸ்ஸைப் பிடித்தால், மறுபடி இறங்குவது சனிக்கிழமைதான். ஞாயிறு கோவிலுக்குப் போய்வந்து, துணிகளைத் துவைத்துப் போட்டு, வாரத்துக்கு வேண்டிய பொடிகளைக் கட்டி வைத்தால் அந்த நாள் முடிந்துவிடும்.

சாலை குறுகல். எதிரே ஒரு ஜீப் வந்தால் இரண்டு வண்டிகளில் ஒன்று பின்னால் போய் இடம்விட வேண்டும். மழைக்காடு என்பதால் நல்ல பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்டுவார்கள். அந்தச் சாலையில் ஏதாவது ஒரு பிராணி அடிபட்டுக் கிடப்பது வழக்கமான காட்சி. ஒரு தடவை மரநாய் கிடந்தது. ஒரு தடவை மலை அணில். உடம்பு தாரோடு தாராக ஒட்டிப்போயிருக்க, நீண்ட வால் மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. சருகுமானை நான் முதன்முதலில் பார்த்ததே செத்த நிலையில்தான். முயலை விடக் கொஞ்சம் பெரிசு, கால்கள் பென்சில் கனம். இப்படி ஒரு மான் இந்தக் காட்டில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்து, "ச்சு" கொட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

அந்த ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, காலையிலேயே நல்ல மூட்டம். தூறலும் இருந்தது. பஸ்ஸில் பாதிக்குமேல் இடம் காலி. டிரைவர் அண்ணாச்சி விக்கிரமசிங்கபுரத்துக்காரர். அந்தச் சாலையில் வெகுகாலம் ஓட்டியவர். கண்டக்டர் மேலப்பாளையத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும், எதையும் சட்டென்று பேசிவிடுகிற ஆள். நான் வழக்கம்போல் முன் வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

ஊரை விட்டு இறங்கின கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வெள்ளைக் கார், சுற்றுலா வந்தவர்கள். அண்ணாச்சி ஒரு திருப்பம் வரை வழிவிடவில்லை. வழிவிடவும் முடியாது. கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் ஒதுக்கினார். கார் சீறிக்கொண்டு எங்களைத் தாண்டியது. பின் கண்ணாடியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை முகத்தை அழுத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த வளைவில் காரின் சிவப்பு விளக்குகள் மூட்டத்துக்குள் மறைந்தன.

"இந்த மூட்டத்துல இந்தப் போக்குப் போறானே" என்றார் அண்ணாச்சி. 

இடித்த சத்தத்தை நான் கேட்கவில்லை. அண்ணாச்சி கேட்டிருக்கிறார். திடீரென்று பஸ்ஸை மெதுவாக்கி, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கார் ஹாரன். விட்டுவிட்டு அல்ல, ஒரே இழுப்பாக.

வளைவு திரும்பியதும் பஸ் நின்றுவிட்டது.

அந்த இடத்தில் சாலைக்கு இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். வெள்ளைக் கார் இடப்பக்கத்து மழைநீர் ஓடைக்குள் முன்சக்கரத்தை இறக்கி, மலையின் மேல் சாய்ந்து நின்றது. காருக்கு முன்னால், சாலையின் நடுவே, செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று படுத்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் தப்பான பக்கம் திரும்பியிருந்தன. தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் போட்டது. அதற்குப் பக்கத்தில் தாய் நின்றது.

காட்டுமாடு என்றால் நம் ஊர் மாட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது. தோள் ஓர் ஆளின் உயரத்துக்கு இருக்கும். உடம்பு கறுப்பு, முட்டிக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. தேயிலைக்குள் தூரத்தில் மேயும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அது குனிந்து கன்றின் முதுகை மூக்கால் தள்ளியது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை. ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. தாய் தலையை நிமிர்த்திக் காரைப் பார்த்தது. பிறகு அப்படியே பாய்ந்து முட்டியது.

கார் குலுங்கியது. முன் கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது. மிச்சமும் உள்ளே கொட்டியது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அலறல். ஹாரன் நிற்கவில்லை. பயத்தில் அந்த மனுஷன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறான், அந்தச் சத்தத்துக்குத்தான் மாடு மிரளுகிறது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. மாடு இரண்டு அடி பின்வாங்கி, மறுபடி முட்டியது.

கண்டக்டர் ஜன்னல் வழியாக உடம்பை இடுப்பு வரை வெளியே நீட்டி, இரண்டு கைகளையும் ஆட்டினார். கத்தினால் மாடு இந்தப் பக்கம் திரும்பும் என்று பயம். காரின் பின் கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்தது. கண்டக்டர் ஹாரன் அடிப்பதுபோல் கையால் காட்டி, "வேண்டாம்" என்று தலையை ஆட்டினார். பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை காட்டினார். முகம் கண்ணாடியை விட்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஹாரன் நின்றது.

அதற்குப் பிறகு இருந்த அமைதிதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. தூறல் பஸ்ஸின் கூரையில் விழும் சத்தம். மாடு மூச்சு விடும் சத்தம். மேலே மலைச்சரிவில், மூட்டத்துக்குள், எங்கேயோ கிளைகள் ஒடிந்தன. தாயும் கன்றும் மட்டுமல்ல, கூட்டமே அங்கே இருந்தது.

காரின் வலப்பக்கக் கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு இறங்கியது. "என் சம்சாரத்துக்குக் கையில கண்ணாடி கிழிச்சிட்டு. ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்று அந்த மனுஷர் சொன்னார். அடக்கிய குரலில்தான் சொன்னார். அதற்கே மாடு காதைத் திருப்பியது.

போனில் சிக்னல் இல்லை. அந்தச் சாலையில் சிக்னல் கிடைக்கும் இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். இது அதில் ஒன்றில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், பஸ்ஸைப் பின்னால் எடுத்து மேலே போய், தோட்டத்து ஆபீஸிலிருந்து வனத்துறைக்குப் போன் செய்யலாம் என்றார். நியாயமான யோசனைதான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சிஸ்டர், கைவெட்டுன்னா எம்புட்டு நேரம் தாங்கும்?"

பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். சதை மட்டும் கிழிந்திருந்தால் துணியால் அழுத்திக்கொண்டு சமாளிக்கலாம். ரத்தக்குழாய் என்றால், நாம் மேலே போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எது வேண்டுமானாலும் ஆகலாம்.

கண்டக்டர்தான் அதைச் சொன்னார். கார் கதவு வலப்பக்கம் திறக்கும். நம் வாசல் இடப்பக்கம். காருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் பஸ்ஸைக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினால் அவர்கள் கால் தரையில் படாமல் நம் பஸ்ஸுக்குள் வந்துவிடலாம்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "அங்கன எவ்வளவு எடம் இருக்குன்னு பாத்தியா வே? தடுப்புக்கல்லு ஒண்ணு போன மழையிலயே விழுந்து கெடக்கு. இத்தன சனத்தையும் வச்சிக்கிட்டு நான் விளிம்புல ஓட்டவா?"

  அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.   அவர் பின்வாங்கிவிட்டால் தேவலை என்று எனக்கு ஒரு மனசும், பின்வாங்கிவிடக் கூடாதே என்று ஒரு மனசும்.

பயணிகளைப் பின்வாசல் வழியாக இறங்கிக்கொள்ளச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. மேலே கூட்டம் நிற்கிறது, இறங்கி எங்கே போக என்று ஒரு அம்மாள் கேட்டாள். அதுவும் சரிதான். "அப்பம் எல்லாரும் எடதுபக்கச் சீட்டுக்கு வந்திருங்க. ஒருத்தரும் சத்தங்காட்டக் கூடாது" என்றார். பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் பள்ளத்துப் பக்கத்திலிருந்து மலைப்பக்கம் மாறி உட்கார்ந்தார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. அணைத்தால் பிரேக்குக்குக் காற்று போய்விடும் என்று கண்டக்டர் என் காதில் சொன்னார். ஆக, சத்தத்தோடுதான் போக வேண்டும். முதல் கியரில், பிரேக்கை விட்டும் பிடித்தும், பஸ் ஊர்ந்தது. கண்டக்டர் முன்படியில் குத்தவைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு காரையே பார்த்தபடி வழிசொன்னார். "வரலாம். வரலாம். பைய. இன்னும் வலது போவணும் அண்ணாச்சி."

"வலதுல ரோடு இல்ல வே."

"ஒரு சாண் போதும்."

வலப்பக்கத்து ஜன்னலில் மரங்களின் உச்சிகள்தான் தெரிந்தன. அதற்குக் கீழே மூட்டம். ஏதோ ஒரு சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. பின்னாலிருந்த அம்மாள் வாய்க்குள் ஜெபம் போல எதையோ முணுமுணுத்தாள். நான் முழங்காலில் வைத்திருந்த என் மருந்துப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸின் மூக்கு காரைத் தாண்டியதும் மாடு கன்றை விட்டு நிமிர்ந்தது. முன்கண்ணாடி முழுக்க அதன் தலைதான். அது முன்காலால் தாரை உதைத்தது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார்; ஹாரனைத் தொடவில்லை. மாடு பாய்ந்துவந்து முட்டியது. விளக்கு ஒன்று உடையும் சத்தம், தகரம் மடங்கும் சத்தம். பஸ் அதிர்ந்தது. ஒரு நொடி அது பின்னால் நகர்கிறதோ, பக்கவாட்டில் நகர்கிறதோ என்று தெரியாமல் எல்லாரும் இருக்கைக் கம்பிகளைப் பிடித்தோம். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மாடு பின்வாங்கிக் கன்றைப் பார்த்தது. கன்றின் காது அசைந்தது. உடனே அதன் பக்கத்துக்குப் போய் நக்கத் தொடங்கிவிட்டது.

"இப்பம்" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பழைய பஸ்ஸின் வாசலில் கதவைத் திறந்தே கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். அது அன்றைக்கு உதவியது. கண்டக்டர் குனிந்து காரின் பின்கதவை இழுத்தார். ஒரு முழம்கூடத் திறக்கவில்லை, பஸ்ஸின் படியில் இடித்துக்கொண்டது. அந்த இடைவெளியில் பிள்ளை வந்தது. கண்டக்டர் அதைத் தூக்கி என் மடியில் போட்டார், நான் பின்னால் கொடுத்தேன். பிள்ளை அழவில்லை. அதன் சட்டையில் ரத்தம் இருந்தது, அதனுடையது இல்லை.

முன்சீட்டில் இருந்த அம்மாவின் பக்கத்துக் கதவு மலையில் சாத்திக்கொண்டிருந்தது. கணவரின் சீட்டைத் தாண்டித்தான் அவள் வர வேண்டும். அவர் முதலில் பின்சீட்டுக்கு நகர்ந்து, பின்னாலிருந்து அவளை இழுத்தார். நான் ஒரு காலைப் பஸ்படியிலும் ஒரு காலைக் கார்க்கதவின் கீழ்ச்சட்டத்திலும் வைத்து உள்ளே குனிந்தேன். முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழிந்திருந்தது. ரத்தம் ஒழுகவில்லை, துடித்துத் துடித்து வந்தது. கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, வெட்டுக்கு மேலே என் துண்டால் இறுக்கிக் கட்டினேன். அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "பாப்பா எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இழுத்தோம். வரவில்லை. அவள் துப்பட்டா கியர் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. கணவர் அதைப் பிடுங்கப் பார்த்தார், ஈரத்துணி, இறுகியது. அந்த நேரம் எனக்கு வலப்பக்கம் வெளிச்சம் குறைந்தது. திரும்பினேன். காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலிருந்த சந்தில் மாட்டின் மூக்கு. உடம்பு நுழையாது. தலை நுழையும். கொம்பின் முனை பஸ்ஸின் தகரத்தைக் கீறிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டது; சூடாக, புல் நெடியோடு.

கண்டக்டர் என் இடுப்பைப் பிடித்திருந்தார். "அசையாதிய சிஸ்டர்" என்றார். அசையவில்லை. அசைய முடியவில்லை. அதன் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நீலம் பாய்ந்த பெரிய கண், ஈரமாக, எங்கும் நிலைக்காமல் சுழன்றுகொண்டிருந்தது. முன்னால் சாலையில் கன்று ஒரு குரல் கொடுத்தது. சன்னமான, மூக்கடைத்த மாதிரியான குரல். தலை பின்வாங்கிப் போயிற்று.

துப்பட்டாவைப் பையிலிருந்த கத்தரிக்கோலால் வெட்டினேன். அவளை வெளியே இழுத்துப் படியேற்றினோம். கணவர் ஏறும்போது காருக்குள் இருக்கும் பையைத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

பின்னால் ஏறுவது இறங்கியதை விட மோசம். மூட்டத்தில் பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் பின்படிக்கு ஓடி, அங்கிருந்து குரல்கொடுக்கக் கொடுக்க, அண்ணாச்சி வளைவு வரை பஸ்ஸைப் பின்னாலேயே ஏற்றினார். அங்கிருந்து அகலமான இடம் வந்து திருப்பியதும் அவர் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் இல்லை. காயத்தை அழுத்திக் கட்டி, குளுகோஸ் ஏற்றி, அவளைப் படுக்க வைத்தேன். தோட்டத்து ஆபீஸிலிருந்து போன் போனது. கீழே கொண்டுபோய்த் தையல் போட வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் கீழே போக இருப்பது ஒரே சாலை. அதன் நடுவில் மாடு நின்றது. கணவர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். மாட்டை ஏன் விரட்ட மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். விரட்டினால் வண்டியின் மேலே வரும் என்றேன். பிறகும் கேட்டார்.  அவருடைய உதடுகள் உலர்ந்து வெடித்திருந்தன. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

கட்டு இரண்டாவது தடவையும் நனைந்தது. நாடி வேகமாகிக்கொண்டே போனது. இனி மாடு விலகினாலும் விலகாவிட்டாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லப்போன நேரத்தில் தகவல் வந்தது. கீழேயிருந்து வனத்துறை ஆட்கள் வந்து தூரத்தில் நிற்கிறார்கள். கன்று செத்துவிட்டது. பெருமழை பிடித்ததும் தாய் மலைச்சரிவில் கொஞ்சம் ஏறி மரத்தடியில் நிற்கிறது. விளக்கில்லாமல், ஹாரன் இல்லாமல் ஒரு வண்டி போகலாம்.

தோட்டத்து ஆம்புலன்சில் அவள் தலைமாட்டில் நான் உட்கார்ந்தேன். கணவரும் பிள்ளையும் முன்னால். வளைவு வந்ததும் டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடலாம் போல, கன்று கிடந்தது. மழை அதன் மேல் பெய்து, ரோமம் உடம்போடு ஒட்டி, இன்னும் சின்னதாகத் தெரிந்தது. மேலே மரத்தடியில் கறுப்பாக ஒரு உருவம் தலையை மட்டும் எங்களோடு சேர்த்துத் திருப்பியது. இறங்கிவரவில்லை.

அவள் கண்ணை மூடியிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். "கன்னு செத்துட்டா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அம்பாசமுத்திரம் வருகிறவரை அவள் கையை உயர்த்திப் பிடித்தபடியே வந்தேன்.

அங்கே அவளுக்கு ரத்தம் ஏற்றித் தையல் போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். இரண்டு விரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை.

திங்கட்கிழமை நான் மேலே போகும்போது சாலையோரம் புது மண் மேடாக இருந்தது. மாட்டு டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துவிட்டுப் புதைத்ததாகக் கண்டக்டர் சொன்னார். ஆனால் தாய் அந்த வளைவை விடவில்லை. கூட்டம் மேலே நகர்ந்துவிட்ட பிறகும் அது காலையிலும் சாயங்காலத்திலும் வந்து சாலையில் நிற்கும். கன்று கிடந்த இடத்தை மோந்துபார்க்கும். அண்ணாச்சி தூரத்திலேயே நிறுத்திவிடுவார். அது தானாகப் போகும்வரை காத்திருப்போம். முதல் வாரம் பஸ்ஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அதற்கடுத்து ஒருநாள் அது வரவில்லை. பிறகு வரவே இல்லை. அந்த வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் நான் சரிவைப் பார்ப்பேன். நின்றால் நிம்மதியாக இருக்குமா, நிற்காவிட்டால் நிம்மதியாக இருக்குமா என்று எனக்கே தெரியாது.

வனத்துறை அந்த மனுஷர் மேல் வழக்குப் பதிந்தது. அவர் தூத்துக்குடியில் அரசாங்க வேலையில் இருப்பவர். ஒரு திங்கட்கிழமை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடிக்கொண்டு நின்றார். மனைவியும் பிள்ளையும் கூட இருந்தார்கள். விசாரணைக்கு என்னையும் அண்ணாச்சியையும் கூப்பிடுவார்கள் என்றும், கார் நிதானமாகத்தான் போனது, கன்று திடீரென்று குதித்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும் என்றும் சொன்னார். வேலைக்கே கேடு வந்துவிடும் என்றார். கும்பிடக்கூடச் செய்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். வராந்தாவில் அவர் நடந்த நடை என் கண்ணில் இருந்தது.

"இடிச்சத நான் பாக்கல" என்றேன். "எங்களத் தாண்டிப் போனதப் பாத்தேன். ரெண்டையும் சொல்லுவேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது."

அவர் மனைவியைப் பார்த்தார், அவளாவது எனக்கு எடுத்துச் சொல்வாள் என்பதுபோல. அவள் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வன அலுவலகத்தில் எங்களை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வயசில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். முதலில் கணவர் தன் பக்கத்தைச் சொன்னார். நிதானமாக வந்தோம், மூட்டம், எதிர்பாராமல் குதித்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். அண்ணாச்சி அடுத்துச் சொல்லத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் பேசினாள்.

"வேகமாத்தான் வந்தோம் சார். பஸ்ஸத் தாண்டினதுலருந்து வேகம். எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. மூணு மாடு ரோட்டத் தாண்டுறத நான் பாத்தேன். நாலாவதா கன்னு வந்துச்சு. அவங்க பிரேக் பிடிக்கப் பாத்தாங்க, நிக்கல."

 கணவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது மடல்கள் சிவந்துபோயின.  அவள் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.  அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அண்ணாச்சியும் நானும் சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னோம். அதற்குப் பிறகு எங்கள் சாட்சிக்குப் பெரிய வேலை இருக்கவில்லை.

வெளியே வந்ததும் கணவர் எங்களை விட்டு வேகமாக நடந்து போய்விட்டார். எதிரில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்தோம். பிள்ளை நடுவில். அண்ணாச்சி டிப்போவுக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லிக் கிளம்பினார். போகும்போது அவளைப் பார்த்து, "நல்லாருக்கணும் தாயி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். அந்த வளைவிலிருந்து இன்றைக்கு வரை வீட்டில் யாரும் அந்தக் கன்றைப் பற்றிப் பேசவே இல்லையாம். காரைப் பற்றிப் பேசினார்கள், வேலையைப் பற்றிப் பேசினார்கள், அவள் கையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளை மட்டும் தூக்கத்தில் ஹாரன் அடிக்காதீங்கப்பா என்று சொல்கிறதாம்.

"அந்த மாடு இப்ப எங்க நிக்கி சிஸ்டர்?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் அங்கே வருவதில்லை, கூட்டத்தோடு சேர்ந்திருக்கும் என்றேன். சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

கணவர் திரும்பி வந்தார். கடைக்காரரிடம் எதுவோ சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர் டீயும் பிள்ளைக்குப் பாலுமாகத் தட்டில் வைத்து அவரே எடுத்துவந்தார். எனக்கு ஒன்றைத் தந்தார். அவளுடையதைப் பெஞ்சில் வைக்கும்போது, நல்ல கை இருக்கும் பக்கமாகத் தள்ளி வைத்தார்.  அவர் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, சாலையைப் பார்த்தபடி நின்றார். அவள் டம்ளரை எடுத்து ஊதிக் குடித்தாள்.

என் மலை பஸ் வந்துவிட்டது. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு எழுந்தேன்.